தொட்டில் அரசாங்கம்

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பங்குச் சாமியார் எழுதப் புகுந்தால் நம் அன்னையர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். சிரிக்கட்டும், அதில் நியாயம் உண்டு. குருமடத்தில் தத்துவமும் இறையியலுமாக ஏழு ஆண்டுகள் கற்றோம். திருமுழுக்கு என்னும் அருளடையாளத்தின் பொருளைப் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் வென்றோம். ஆனால் கழுத்து நிற்காத குழந்தையை எந்தக் கையில் தாங்குவது என்பதை எந்தப் பேராசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நாம் முதன்முதலாகத் திருமுழுக்கு அளித்த அன்று, குழந்தையை வாங்க நீட்டிய நம் கைகள் நடுங்கின. அதைக் கண்ட ஒரு பாட்டி, "சாமி, நீங்கள் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், பிள்ளையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று நம்மைக் காப்பாற்றினார். அன்று முதல் நாம் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றுகொண்டோம்.

எனினும் இருபத்தாறு ஆண்டுகளாக வீடு வீடாகத் திண்ணையில் அமர்ந்து மோர் பருகும் ஒருவனுக்குச் சில காட்சிகள் தாமாகவே கண்ணில் படும். ஒரு வீட்டில் ஆறு மாத காலம் நாம் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். அவ்வீட்டாரின் இசைவு நமக்கு உண்டு. பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஆகவே பெயர் இல்லை.

ஆட்சி மாற்றம்

நமது பங்கு இல்லத்துக்கு எதிர் வரிசையில் ஓர் ஓட்டு வீடு. தாத்தா ஓய்வுபெற்ற தபால்காரர். பாட்டி மரியாயின் சேனையில் பல்லாண்டு உழைத்தவர். தாத்தாவின் தாயார் எண்பதைக் கடந்தும் கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்குபவர். மகன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். திருப்பூரில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மூன்று கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து அக்குழந்தை வாசற்படி ஏறிய கணத்தில் அவ்வீட்டில் அரசு மாறியது.

முதலில் வீழ்ந்தவர் தாத்தா. இரவு ஏழு மணிச் செய்தியைத் தெருவே கேட்கும்படி வைத்துப் பழகியவர், இப்போது தொலைக்காட்சியின் ஒலியை அறவே அடக்கிவிட்டு, செய்தி வாசிப்பவரின் உதடுகளைப் பார்த்து நாட்டு நடப்பை ஊகிக்கத் தொடங்கினார். தாய்மாமனின் கட்டில் பறிமுதல் செய்யப்பட்டது; அவன் புத்தகங்களோடு நம் ஆலயத் தாழ்வாரத்துக்குக் குடிபெயர்ந்தான். குக்கர் விசிலடிக்கத் தடை விதிக்கப்பட்டது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் இடப்பட்டது. சைக்கிளில் வரும் மீன்காரர் தெருமுனையிலேயே ஒலிப்பானை நிறுத்திக்கொண்டு, கையசைத்து மீன் விற்றுச் சென்றார்.

இறுதியில் அந்த ஆணை நம்மையும் எட்டியது. ஒரு நாள் மாலை தாத்தா வந்தார். நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மெல்ல, "சாமி, காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு மணி அடிக்கிறோமே, அதைக் கொஞ்சம் பொறுமையாக அடிக்க முடியுமா? பாப்பா திடுக்கிட்டு எழுந்துவிடுகிறாள்" என்றார். ஆலய மணியை அடக்கும் அதிகாரம் நமக்கில்லை என்றும், வேண்டுமானால் ஆயருக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் நகைச்சுவையாகச் சொன்னோம். அவரோ சிரிக்கவில்லை. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பலாமா, சாதாரணத் தபாலே போதுமா என்று சிந்திப்பவர்போல் எழுந்து சென்றார்.

அழுகைக்கு ஐந்து உரைகள்

குழந்தைக்குத் தெரிந்த மொழி அழுகை ஒன்றே. அதற்கு அவ்வீட்டில் எழுந்த உரைகளோ பல. உரம் விழுந்திருக்கிறது என்பார் கொள்ளுப்பாட்டி. வயிற்றுப் பொருமல், ஓமத் தண்ணீர் வேண்டும் என்பார் பாட்டி. கொசு என்பார் தாத்தா. கண்ணேறு என்பார் அடுத்த வீட்டு அம்மாள். தாய்மாமனோ கைப்பேசியைத் தட்டி, குழந்தை அழுவதற்கான காரணங்களை ஒன்று முதல் வரிசையாக வாசிக்கத் தொடங்குவான்; அவன் நான்காம் காரணத்தை எட்டுமுன் குழந்தை உறங்கிவிடும். குழந்தையைப் பெற்றவள் மட்டும், "பசிக்கிறது போலிருக்கிறது அம்மா" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதே சரியாக இருந்தது. ஆயினும் அவள் சொல் அவை ஏறவில்லை. அவளுக்கு இது முதல் பிள்ளையாம். மற்றவர்களுக்கு அனுபவம் உண்டாம். அப்போது நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பின்னால் எண்ணி வருந்த வேண்டியிருந்தது.

பிறந்த சில நாள்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்தது. வீடு கலங்கிப் போயிற்று. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து, எல்லாக் குழந்தைகளும் தொடக்கத்தில் சிறிது எடை இழந்து, இரண்டு வாரங்களுக்குள் அதைத் திரும்பப் பெறுவது இயல்பே என்று விளக்கினார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தொடங்கி, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூடத் தேவையில்லை என்றார். உலக நலவாழ்வு அமைப்பு கூறும் அறிவுரையும் இதுவே. கொள்ளுப்பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "இந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கையால் சேனை வைத்திருக்கிறேன்! உனக்கும்தான் வைத்தேன்" என்றார். "தெரியும் பாட்டி. அதையும் தாண்டிப் பிழைத்து வந்துதான் செவிலியரானேன்" என்றார் அந்தப் பெண். அன்று தோற்றவர் கொள்ளுப்பாட்டி. எனினும் முதலில் வாய்விட்டுச் சிரித்தவரும் அவரே.

புதிதாய்ப் பிறந்த குழந்தை நாளில் பதினாறு மணி நேரம் உறங்கும் என்று நூல்கள் கூறுகின்றன. அதைப் படித்துவிட்டு, அப்படியானால் தாய்க்கும் நல்ல ஓய்வு என்று எண்ணுபவர் உண்டு. அந்தப் பதினாறு மணி நேரமும் துண்டு துண்டாக வரும் என்பதை நூலோர் சிறிய எழுத்தில் எழுதிவிட்டார்கள் போலும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை அது பால் கேட்கும். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை துறவியர் இறைவேண்டல் செய்ய வேண்டுமென்று புனித பெனடிக்ட் தம் ஒழுங்குநூலில் விதித்தார். ஆக எட்டு முறை. துறவியின் கணக்கு முடியும் இடத்தில் தாயின் கணக்கு தொடங்குகிறது! அந்தத் துறவியர்க்கும் ஒரு நன்மை உண்டு: மணி எப்போது அடிக்கும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

பெயர்ப் படலம்

மூன்றாம் வாரத்தில் திருமுழுக்குப் பேச்சு எழுந்தது. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கிடைக்கும்படி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அவ்வீட்டார் அதில் முந்திக்கொண்டார்கள். பெயரில்தான் சிக்கல் விளைந்தது. தந்தை வழியில் மறைந்த ஒரு மூதாட்டியின் பெயரை வைத்தாக வேண்டும். தாய் வழியில் வேளாங்கண்ணி அன்னைக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. தாய்மாமன் கைப்பேசியிலிருந்து இரண்டெழுத்துப் பெயர் ஒன்றைக் கொண்டு வந்தான். அதன் பொருள் என்னவென்று நாம் கேட்டபோது, ஒலி நன்றாக இருக்கிறது என்றான். கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாதென்று சட்டம் சொல்கிறது. பொருளே இல்லாத பெயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. முடிவில் மூன்று பெயர்களையும் பதிவேட்டின் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதினோம். வீட்டில் அந்த மூன்றில் ஒன்றையும் எவரும் சொல்வதில்லை. எல்லார்க்கும் அவள் பாப்பாதான்.

இந்தத் திருமுழுக்கில் ஒரு செய்தி உண்டு. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. முற்காலத்தில் பிறந்த சில நாள்களிலேயே குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். தாய் பெரும்பாலும் படுக்கையில் இருப்பாள். ஞானப் பெற்றோரே சடங்கை முடித்துச் செல்வார்கள். வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வெளியான புதிய திருமுழுக்கு முறையில், சடங்கின் முடிவில் ஆசியுரைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் முதல் ஆசி தாய்க்கு. அடுத்தது தந்தைக்கு. பிறகே கூடியிருப்போர் அனைவருக்கும். அன்று அந்த ஆசியை நாம் கூறியபோது இளந்தாய் தலை நிமிரவே இல்லை. அடக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

சனிக்கிழமைத் தந்தை

தந்தையாகிய இளைஞர் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர். சனி இரவு பேருந்தில் வந்து ஞாயிறு இரவு திரும்புவார். இருபது நாள் குழந்தைக்கு அவர் முதலில் வாங்கி வந்த பொருள் மூன்று சக்கர வண்டி. பாட்டி அதைப் பரண்மேல் ஏற்றி, "இரண்டு வருடம் கழித்து இறக்குவோம் மாப்பிள்ளை" என்றார்.

அவருக்குக் குழந்தையைத் தூக்க அச்சம். கைப்பேசித் திரையில் நாள்தோறும் பார்த்துக் கொஞ்சியவர், நேரில் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றே கொஞ்சினார். நாம் அவரிடம் ஒன்று சொன்னோம். பச்சிளங் குழந்தைக்குத் தெளிவாகக் கண் தெரியும் தொலைவு ஏறத்தாழ ஒரு சாண். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவுதான் அது. இரண்டடிக்கு அப்பால் நிற்கும் தந்தை அதன் கண்ணுக்கு வெறும் மூட்டமே. இதைக் கேட்டதும் அவர் கைகளைக் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார். பாட்டி பிள்ளையை மடியில் வைத்தார். புதுக்குரு முதன்முதலில் கதிர்ப்பாத்திரத்தை ஏந்துவதைப்போல், மூச்சுவிடவும் மறந்து ஏந்தியிருந்தார் அந்த மனிதர். குழந்தை அவரை ஒரு கணம் உற்று நோக்கியது. பிறகு சட்டையை நனைத்தது. ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்றார் தாத்தா.

புலவர்கள் பாடாத மாதங்கள்

நம் தமிழில் பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகை உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவங்களாகக் குழந்தையைப் பாடுவர். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்களைப் பருவங்களாகக் கொள்வது மரபு. முதலிரண்டு மாதங்களுக்குப் பாட்டில்லை. ஏன் விட்டார்கள் என்று குருமடத்து நாள்களில் எண்ணிப் பார்த்ததுண்டு. அவ்வீட்டைக் கண்டபின் ஒரு விடை தோன்றியது: அந்த இரண்டு மாதங்களில் வீட்டிலுள்ள ஒருவருக்கும் உறக்கமில்லை, பாட்டு எங்கிருந்து வரும்?

விளையாட்டாகத் தோன்றிய அந்த விடையில் ஓர் உண்மை மறைந்திருந்தது. ஆறாவது வார அளவில் பாட்டி நம்மிடம் வந்தார். "மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. கொஞ்சம் மந்திரித்துவிடுங்கள் சாமி" என்றார். சென்றோம். தலையில் கை வைத்துச் செபித்தோம். "செபமாலை சொல் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று கூறிவிட்டுத் திருவிழாக் குழுக் கூட்டத்துக்கு விரைந்தோம். செபமாலையைப் பற்றி நாம் சொன்னது தவறன்று. சொல்லிவிட்டு விரைந்ததுதான் தவறு.

ஒரு வாரம் கழித்து, மாலை மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், மாதா கெபியின் முன்னே அவள் தனியாக நின்றிருந்தாள். அருகே சென்றோம். இனி எழுதுவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. எழுதும்படி பின்னர் அவளே வேண்டினாள். "சாமி, எல்லாரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அழுதால் எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றுகிறது. நான் நல்ல தாய் இல்லை. இது பாவமா?" என்றாள்.

ஏழு ஆண்டு இறையியலும் தத்துவமும் அந்த நேரத்தில் நம் நாவுக்கு உதவவில்லை. "நேற்று இரவு எவ்வளவு நேரம் உறங்கினாய் அம்மா?" என்று மட்டும் கேட்டோம். அவள் கணக்குப் பார்க்க முயன்றாள். விடை வரவில்லை, கண்ணீர் வந்தது. ஆறு வாரங்களில் அக்குழந்தையின் எடை, உறக்கம், தும்மல், விக்கல் அனைத்தையும் ஊர் முழுவதும் கேட்டிருந்தது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

இது பாவமன்று என்று உறுதியாகச் சொன்னோம். பாட்டியையும் செவிலியரையும் அழைத்துப் பேசினோம். செவிலியர் விளக்கினார்: பிள்ளை பெற்ற முதல் சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது மிகப் பலருக்கு உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, பிள்ளைமேல் பற்றின்மையும் தன்மேல் வெறுப்பும் வளருமானால் அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. அது நோய், மருத்துவம் உண்டு, குணமாகும். தன்னையோ பிள்ளையையோ போக்கிக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குழந்தை பெற்ற பெண்களில் உலக அளவில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர், இவ்வாறு மனநலம் குன்றுகிறார்கள் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கு. அதாவது ஐந்து தாய்மாரில் ஒருத்தி. அன்றிரவு திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஒரு பக்கத்தில் பத்துக் குழந்தைகளின் பெயர்கள்; பத்துத் தாய்மாரின் பெயர்கள். எத்தனை பக்கங்களை நம் கையால் நிரப்பியிருப்போம்! ஒரு தாயிடமாவது அந்தக் கேள்வியைக் கேட்டோமா?

கொள்ளுப்பாட்டி சொன்னது

வீட்டில் பேச்சு எழுந்தது. பேய்க்காற்று என்றார் ஒருவர். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்றார் இன்னொருவர். நாலு பிள்ளை பெற்ற நாங்களெல்லாம் இப்படியா படுத்துக்கொண்டோம் என்று அடுத்த வீட்டு அம்மாள் தொடங்கினார். அப்போது மூலையில் அமர்ந்திருந்த கொள்ளுப்பாட்டி, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு வந்தது. மூன்றாவது பிள்ளைக்கு. ஒரு நாள் மத்தியானம் கிணற்றடியில் போய் நின்றுவிட்டேன். என் மாமியார் பின்னாலேயே வந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு என்றாள். மூன்று நாள் தூங்கினேன்."

அந்த மூன்றாவது பிள்ளைதான் தாத்தா. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருக்கே தெரியாதிருந்த செய்தி அது. அவர் எழுந்து போய் மூடாத கதவு ஒன்றை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். அதன்பின் அவ்வீட்டில் பேய்க்காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லாத மருந்தும், வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேச ஏற்பாடும் கிடைத்தன.

மோசேயின் முறையீடு

எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தை அன்று புதிய கண்ணோடு படித்தோம். பாலைநிலத்தில் மக்கள் ஓயாமல் அழுகிறார்கள். மோசே களைத்துப் போகிறார். பால்குடிக் குழந்தையைச் செவிலி சுமப்பதுபோல் இம்மக்களையெல்லாம் நெஞ்சில் சுமக்கச் சொல்கிறீரே, இவர்களை நானா கருத்தாங்கினேன், நானா பெற்றேன் என்று கடவுளிடமே முறையிடுகிறார். இதைவிட என்னைக் கொன்றுவிடும் என்கிறார். இறைவாக்கினருள் பெரியவரான மோசேயின் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை! கடவுள் அவரைக் கடிந்துகொண்டாரா? உனக்கு நம்பிக்கை குறைவு என்றாரா? இல்லை. மூப்பர் எழுபது பேரைக் கூட்டி வரச் சொன்னார். சுமையைப் பகிர்ந்து வைத்தார்.

ஒரு குழந்தைக்காகக் களைத்துப் போன தாய்க்கு எழுபது பேர் வேண்டாம். நாலைந்து பேர் போதும். அவ்வீட்டில் அவர்கள் கிடைத்தார்கள். தந்தை இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வந்தார். இரவில் பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வதும், ஈரத்துணி மாற்றுவதும் அவர் பொறுப்பாயின. தாய்மாமன் துணி துவைக்கும் தாளில் முதல் வகுப்பில் தேறினான். மாலை வேளையில் தாத்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாவினார். அவருக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. ஆகவே தமக்கு மனப்பாடமாய் இருந்த ஊர்ப் பெயர்களையும் அவற்றின் அஞ்சல் குறியீட்டு எண்களையும் வரிசையாகச் சொல்லி வந்தார். மாவட்ட எல்லையைத் தாண்டுமுன் பாப்பா உறங்கிவிடுவாள். மரியாயின் சேனைப் பெண்கள் தங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டார்கள்: பிள்ளை பார்க்கச் சென்றால் முதல் கால் மணி நேரம் தாயோடு, வெறுங்கையோடு போகாமல் ஒருவேளைச் சோறாவது கொண்டு போக வேண்டும், பிள்ளையின் நிறத்தையும் எடையையும் பற்றிப் பேசலாகாது.

பங்கு மக்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய தாய் ஒருத்தி இருப்பாளாயின், மந்திரித்தலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். எங்களிடமும் வாருங்கள். நாங்கள் செபிப்போம், செபித்துவிட்டு உடனே கூட்டத்துக்கு ஓடமாட்டோம் என்று நம் பொருட்டாவது வாக்களிக்கிறோம்.

செங்கீரை

நான்காம் மாதத்தில் ஒரு நாள். தாத்தாவின் மூக்குக் கண்ணாடியைப் பாப்பா பற்றி இழுத்து, நேராகத் தன் வாய்க்குள் செலுத்தப் பார்த்தாள். தாத்தா கண் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிரிப்பொலி கேட்டது. வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரித்தவள் பாப்பாவின் தாய். பாட்டி அடுக்களைக்குள் சென்று சற்று நேரம் வெளியே வரவில்லை.

இப்போது ஆறு மாதம் நிறைந்துவிட்டது. கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடும் செங்கீரைப் பருவம். குழைத்த சோற்றின் முதல் கவளத்தைத் தாத்தாவின் முகத்தில் உமிழ்ந்தாயிற்று. மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியிருக்கிறார். வரும் மாதம் தாயும் பிள்ளையும் திருப்பூர் செல்கிறார்கள். மூன்று சக்கர வண்டியும் உடன் செல்கிறது.

சென்ற ஞாயிறு நம் மறையுரையின் நடுவே பாப்பா உரத்த குரலெடுத்தாள். 2014 சனவரியில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பாடகர் குழுவைவிடக் குழந்தைகளின் குரலே இனிய இசை என்றும், பிள்ளை பசித்து அழுதால் தாய்மார் தயங்காமல் அங்கேயே பால் கொடுக்கலாம் என்றும் கூறியது நம் நினைவுக்கு வந்தது. ஆகவே பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். தாய் வெட்கத்தோடு எழுந்து வெளியே போக முனைந்தாள். பின்வரிசையிலிருந்து இரண்டு முதிய கைகள் நீண்டன. "பிள்ளையை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ உட்கார்ந்து பூசையைப் பார்" என்றது ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தோம். "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்ற அதே அடுத்த வீட்டு அம்மாள்!

நாற்பதாம் நாள் மரியா தம் மகனைக் கோவிலுக்குக் கொண்டு சென்றபோது, முதியவர் சிமியோன் குழந்தையைக் கைகளில் வாங்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. குழந்தையைக் கண்டு கடவுளைப் போற்றினார்; அதோடு நின்றுவிடாமல் தாயை நோக்கித் திரும்பி அவருடைய நெஞ்சின் வேதனையைப் பற்றிப் பேசினார். பிள்ளை பார்க்கச் செல்லும் முறை அதுவே. அடுத்த முறை நீங்கள் தொட்டில் பார்க்கப் போகும்போது பிள்ளையைக் கையில் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு தாயின் முகத்தைப் பாருங்கள். நேற்றிரவு உறங்கினாயா என்று கேளுங்கள்.

ஆலய மணியைப் பற்றிய விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பாப்பா இப்போது ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறாள். நம் கோயில்பிள்ளை அவள் குரலைக் கேட்டுத்தான் மணியடிக்கப் போகிறார்.